புலிவாலை விட்ட பெண்மணி

புலிவாலைப் பிடித்தவன் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்ததே. பிடித்துக்கொண்டே இருந்தால் கை சலித்துப் போகும். விட்டாலோ புலி திரும்பிப் பாயும். கடனில் அகப்பட்டவனையும் வழக்கில் மாட்டிக்கொண்டவனையும் குறித்து இந்தக் கதையைச் சொல்லுவது வழக்கம். நம்மைக் கேட்டால், உலகத்தில் உண்மையாகவே புலிவாலைப் பிடித்தவர்கள் வெற்றி பெற்றவர்கள்தாம் என்று சொல்லுவோம். தோற்றவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம். அவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஜயித்தவனுக்கோ அடுத்த பந்தயம் காத்துக்கொண்டிருக்கிறது. அதிலும் ஜயித்தால் அதற்கடுத்தது.

இந்தப் புலிவாலை ஒரு முறையல்ல, மூன்று முறை தாமாகவே விட்ட ஒரு பெண்மணியைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் ஆஸ்திரேலியா தேசத்தின் டென்னிஸ் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி. விளையாட்டுச் செய்திகள் வரும் பக்கத்தைப் புரட்டாமலே தள்ளிவிடும் தாய்மார்களும் இந்தக் கதையைப் படிக்கலாம். இதில் பந்தைவிட மனத்துக்கே அதிக வேலை இருக்கிறது.

முதலில் டென்னிஸ் உலகத்தின் ஏற்பாட்டைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஜனவரியில் மெல்போர்னில் தொடங்கும் பந்தயங்கள், பாரிஸின் செம்மண் தரை, லண்டனின் புல்தரை, நியூயார்க்கின் கடினத் தரை என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய வருஷக் கடைசி வரையில் நடக்கின்றன. ஒவ்வொரு பந்தயத்திலும் பெறும் வெற்றிக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு உண்டு. நான்கு மகா பந்தயங்களில் ஒன்றை ஜயித்தால் 2,000 புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரங்கள்தாம். அடுத்த வருஷம் அதே பந்தயம் வரும்போது மறுபடியும் ஜயித்தாக வேண்டும்; இல்லாவிட்டால் சேர்த்தது கரைந்து போகும். புள்ளி குறைந்தால் வரிசையில் இடம் இறங்கும். மகா பந்தயங்களில் பிரதான ஆட்டத்துக்கு 128 பேர். அவர்களில் 104 பேர் வரிசை எண்ணைக் கொண்டே சேர்க்கப்படுகிறார்கள். அந்த எல்லைக்குக் கீழே போனவர்கள் பெரும்பாலும் தகுதிப் பந்தயம் என்னும் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். நிலத்தை ஒரு போகம் சும்மா விடும் குடியானவனுக்குப் பயிர்தான் இல்லை. நிலம் அவனுடையதாகவே இருக்கும். டென்னிஸ்காரர் ஒரு வருஷம் சும்மா இருந்தால் நிலமே கைமாறிவிடும்.

ஆஷ்லி பார்ட்டி 1996 ஏப்ரல் 24-ந் தேதி குவீன்ஸ்லாந்து மாகாணத்து இப்ஸ்விச் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் வழியில் இங்காரிகோ என்னும் ஆதிகுடியைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வருவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அந்தக் கண்டத்தில் வாழ்ந்து, பிறகு தங்கள் மண்ணிலேயே அந்நியராக்கப்பட்ட மக்கள் அவர்கள். நான்கைந்து வயதிலேயே பிரிஸ்பேனில் ஜிம் ஜாய்ஸ் என்ற ஆசிரியரிடம் மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்ட இந்தச் சிறுமி, 2011-ல், பதினைந்தாவது வயதில், விம்பிள்டன் இளையோர் பட்டத்தைப் பெற்றாள். 1954-ல் நம் ராமநாதன் கிருஷ்ணன் பையன்கள் பிரிவில் ஜயித்து வந்தாரே, அதே பட்டத்தின் பெண்கள் பிரிவு. 2013-ல் கேஸி டெல்லாகுவா என்ற தோழியுடன் சேர்ந்து, ஒரே வருஷத்தில் மூன்று மகா பந்தயங்களின் இரட்டையர் இறுதி ஆட்டம் வரையில் போனாள். அப்போது வயது பதினேழு.

ஊரார் எல்லாரும் "அடுத்தது என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டிய பெண், வருஷத்தில் பெரும் பகுதி வீட்டை விட்டுப் பிரிந்து, ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். இரட்டையர் ஆட்டத்தில் புகழ் வந்தது. ஒற்றையர் ஆட்டத்தில் எதிர்பார்த்தபடி வரவில்லை. ஜயித்தால் அதிர்ஷ்டம் என்றும், தோற்றால் ஏமாற்றம் என்றும் பத்திரிகைகள் எழுதும். 2014-ம் வருஷம் அமெரிக்கப் பந்தயம் முடிந்ததும், பதினெட்டு வயதுப் பெண் போட்டிகளிலிருந்து விலகி நிற்கப் போவதாக அறிவித்தாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. சாதாரணப் பதின்பருவப் பெண்ணாகச் சிறிது காலம் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பதே அவள் சொன்ன காரணத்தின் சாரம்.

புலி பாய்ந்ததா? பாயவில்லை. அவள் வீட்டில் இருந்தாள், மீன் பிடித்தாள், சிறு பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தாள். 2015-ல் ஆஸ்திரேலியப் பெண்கள் கிரிக்கெட் கோஷ்டியைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதுவரையில் முறையாகக் கிரிக்கெட் ஆடியறியாதவள், அந்த ஆட்டத்தில் மனம் செலுத்தினாள். அந்த வருஷக் கடைசியிலேயே பிரிஸ்பேன் ஹீட் என்ற கோஷ்டியில் சேர்ந்து, தொழில்முறைப் பந்தயத்தில் இறங்கினாள். முதல் ஆட்டத்தில் 27 பந்துகளில் 39 ஓட்டங்கள்! டென்னிஸ் மைதானத்தில் ஒருத்தி தனியாக நின்று தனியாகத் தோற்கிறாள். கிரிக்கெட்டில் ஒருத்தி அவுட்டாகி வந்தாலும் முதுகைத் தட்டிக் கொடுக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தோழமை அவளுக்கு மருந்தாயிற்று என்றுதான் தோன்றுகிறது.

2016 பிப்ரவரியில் மறுபடியும் டென்னிஸ் மட்டையை எடுத்தார். (இனி 'அவர்' என்றே எழுதுவோம், திரும்பி வந்தவர் சிறுமி அல்லர்.) பழைய புள்ளிகள் யாவும் கரைந்து போயிருந்தன. சிறிய ஊர்ப் பந்தயங்களிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த வருஷ முடிவில் ஒற்றையர் வரிசையில் அவருடைய இடம் 325. 2017 மார்ச்சில் கோலாலம்பூர் பந்தயத்தில் தகுதிச் சுற்று ஆடி உள்ளே நுழைந்து, ஒற்றையர் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனார். அந்த வருஷக் கடைசியில் இடம் 17. 2019 ஜூனில் பிரெஞ்சுப் பட்டம். அதே மாதம் 24-ந் தேதி உலகத்தில் முதல் ஸ்தானம். 1976-ல் அந்த ஸ்தானத்தை வகித்த ஈவான் கூலகாங்கிற்குப் பிறகு ஆஸ்திரேலியப் பெண் ஒருவருக்கு அது கிட்டியது அப்போதுதான். கூலகாங் அம்மையாரும் விரட்ஜுரி என்ற ஆதிகுடியைச் சேர்ந்தவரே.

இரண்டாவது முறை புலிவாலை விட்டது 2020-ல். கொள்ளைநோய் உலகத்தை அடைத்துப்போட்ட வருஷம் அது. ஆகஸ்டு முதல் பந்தயங்கள் மறுபடியும் ஆரம்பமாயின. அமெரிக்கப் பந்தயத்துக்கும், தாம் பட்டம் வைத்திருந்த பிரெஞ்சுப் பந்தயத்துக்கும் பார்ட்டி போகவில்லை. தமக்கும் தம் கூட்டத்தாருக்கும் ஆபத்து என்று சொல்லி வீட்டோடு இருந்துவிட்டார். செப்டம்பரில் உள்ளூர் கோல்ப் சங்கத்தின் பெண்கள் பட்டத்தை ஜயித்தார் என்று செய்தி வந்தபோது உலகம் சிரித்தது. கொள்ளைநோயை முன்னிட்டுப் புள்ளிக் கணக்கைத் தளர்த்தியிருந்தபடியால் அவருடைய முதல் ஸ்தானம் அப்படியே இருந்தது. ஆடாமலே முதலிடமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதற்கு 2021-ல் பதில் கிடைத்தது. மார்ச்சில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர், திரும்பினால் தனிமை வாசம் என்ற கட்டுப்பாட்டினால் ஆறு மாதத்துக்குமேல் ஊர் திரும்பாமலே ஆடினார். விம்பிள்டனில் கரோலினா பிளிஷ்கோவாவை மூன்று செட்டுகளில் வென்றார். கூலகாங் முதன்முதலில் அங்கே ஜயித்தது 1971-ல். சரியாக ஐம்பது வருஷம். அந்த நினைவாக, கூலகாங் அந்நாளில் அணிந்ததைப் போன்ற உடையைத்தான் பார்ட்டி அணிந்திருந்தார். நியூயார்க் பந்தயம் முடிந்ததும் களைத்துப்போய் மிச்சப் பந்தயங்களை விட்டுவிட்டு வீடு திரும்பினார். இளைப்பாறியபின் 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ஒரு செட்டுக்கூடத் தோற்காமல் பட்டம் பெற்றார். 1978-க்குப் பிறகு அந்த ஒற்றையர் பட்டம் சொந்த நாட்டாருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

இரண்டு மாதங்கூட ஆகவில்லை. மார்ச்சு 23-ந் தேதி, உலகத்து முதல் ஆட்டக்காரியாக இருக்கும்போதே, இருபத்தைந்தாவது வயதில், டென்னிஸை ஒரேயடியாக விட்டுவிடுவதாகத் தெரிவித்தார். பழைய தோழி கேஸி டெல்லாகுவாவுடன் உட்கார்ந்து பேசும் ஒரு படமாக அந்தச் செய்தி வெளிவந்தது. உச்சத்தில் நிற்க என்னென்ன செய்ய வேண்டும் என்பது தமக்குத் தெரியும் என்றும், அதைச் செய்யும் வலிமையும் வேட்கையும் இனித் தம்மிடம் இல்லை என்றும் கண்ணீரோடு கூறினார். அதில் யார்மீதும் குறை இல்லை. இது மூன்றாவது முறை.

நிற்க. ஓய்வு கேட்டும் கிடைக்காதவருக்கு என்ன நேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்வீடன் தேசத்து பியோர்ன் போர்க்கைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1974-ல் அமெரிக்கப் பந்தயத்தில் நம் சென்னை விஜய் அமிர்தராஜிடம் தோற்றாரே, அவர்தான். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டனையும், மொத்தம் ஆறு முறை பிரெஞ்சுப் பட்டத்தையும் வென்றவர். 1981 செப்டம்பரில் நியூயார்க் இறுதி ஆட்டத்தில் மக்கென்ரோவிடம் தோற்றதும், பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் மைதானத்தை விட்டுப் போனார். அவருக்கும் அப்போது இருபத்தைந்து வயதுதான்! அடுத்த வருஷம் சிறிது குறைவாக ஆட விரும்பினார். வருஷத்தில் பத்துப் பந்தயங்களுக்காவது ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையேல் தகுதிச் சுற்றிலிருந்து ஆட வேண்டும் என்றது சட்டம். பதினொரு மகா பட்டங்கள் பெற்றவனுக்கும் சட்டம் ஒன்றுதான் என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் பலன் என்ன? 1983 ஜனவரியில் போர்க் ஆட்டத்தையே விட்டார். 1991-ல் பழைய மரமட்டையோடு மாண்டி கார்லோவில் திரும்பி வந்தபோது காலம் கடந்துபோயிருந்தது. 1993 வரையில் பெரிய பந்தயங்களில் ஓர் ஆட்டத்தைக்கூட ஜயிக்க முடியவில்லை. சில மாத இளைப்பாறுதலைக் கொடுக்க மனமில்லாத டென்னிஸ் உலகம் அவரையே இழந்தது.

பார்ட்டியின் கதையைப் படிக்கும் நேயர்களில் பலர், "ஆகா, ஓய்வெடுத்ததால் அல்லவா பட்டம் கிடைத்தது!" என்று மகிழ்வார்கள். நமக்கும் அந்த மகிழ்ச்சி உண்டு. ஆயினும் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2014-ல் அவர் விலகியதை நாம் மெச்சுவது 2019-ல் பட்டம் வந்தபடியால்தானே? வராமல் போயிருந்தால் "கெட்டிக்காரப் பெண், பாழாய்ப் போனாள்" என்று சொல்லியிருக்க மாட்டோமா? ஓய்வையும் ஒரு முதலீடாகக் கருதி வட்டி வந்ததா என்று பார்ப்பது வியாபாரியின் கணக்கு. அந்தக் கணக்கின்படி 2022-ல் அவர் செய்தது சுத்த நஷ்டம்.

தமிழிலே 'ஓய்வு' என்ற ஒரே சொல், சற்று இளைப்பாறுவதற்கும் வேலையிலிருந்து அடியோடு விலகுவதற்கும் வழங்குகிறது. இது மொழியின் குறை என்று நாம் எண்ணியதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. விலகுகிறவளுக்கே அந்த நிமிஷத்தில் எது என்று தெரியாது. 2014-ல் பார்ட்டி திரும்பி வரும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு போகவில்லை. திரும்பாமலும் போகலாம் என்ற சுதந்திரத்தோடு போனார். அதனால்தான் திரும்பியபோது யாருக்காகவும் அல்லாமல் தமக்காகத் திரும்பினார். கட்டாயம் திரும்பியாக வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கும் விடுமுறை, மாட்டுக்கு நுகத்தடியைக் கழற்றாமல் வைக்கோல் போடுவது போன்றது.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். பெரிய வீரர்கள் தேசத்தின் சொத்து அல்லவா, தேசத்தின் கொடியை உயர்த்திப் பிடிக்க வேண்டியவர்கள் சோர்வாக இருக்கிறது என்று உட்காரலாமா என்று கேட்பார்கள். தேசத்துக்காக உழைத்தவர்களில் மகாத்மாவுக்கு மேல் ஒருவரை நாம் அறியோம். அவர் திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் காத்தார். 1947 ஜூன் 2-ந் தேதி, தேசப் பிரிவினையைப் பற்றி மௌண்ட்பேட்டன் பிரபு அவரைச் சந்தித்த தினமும் திங்கட்கிழமையாகவே வாய்த்தது. கோடிக்கணக்கான மக்களின் தலைவிதியைப் பேசும் அந்த நாளிலும் காந்திஜி வாய் திறக்கவில்லை; பழைய உறைகளின் பின்புறத்தில் எழுதியே காட்டினார். தேசம் தம்மிடம் எல்லாவற்றையும் கேட்டபோதும், தமக்கென்று வைத்துக்கொண்ட ஒரு நாளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பந்தாட்டக்காரிக்கு அந்த உரிமை கிடையாது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நாம் தொழிலால் பள்ளி ஆசிரியர். சென்ற வருஷம் ஒரு மாணவியின் தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். அவருடைய பெண் சதுரங்கத்தில் கெட்டிக்காரி. ஜில்லாப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் கூடத்து அலமாரி நிறைய இருக்கின்றன. அந்தப் பெண் ஆறு மாதத்துக்குப் போட்டிகளுக்குப் போகமாட்டேன் என்கிறாளாம். "சார், கோப்பை வாங்குகிற குழந்தை இப்படிச் சொல்லலாமா? கூட ஆடுகிறவர்கள் முன்னால் போய்விடுவார்களே! நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். அவர் கொடுமைக்காரர் அல்லர். பெண்ணை ஊர் ஊராக அழைத்துப் போவதற்காகத் தம்முடைய விடுமுறைகளையெல்லாம் செலவழித்தவர். "போட்டிக்கு வேண்டாம் என்கிறாளே, வீட்டில் காய்களைத் தொடுகிறாளா?" என்று கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, "இல்லை சார், பலகையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்" என்றார். அதற்குமேல் நாம் வாதாடவில்லை. பார்ட்டியின் கதையை மட்டும், அந்த 2022-ம் வருஷத்து முடிவு உட்பட, விடாமல் சொன்னோம். அவர் பாதி மனத்தோடு எழுந்து போனார். பெண் அந்த ஆறு மாதமும் போட்டிக்குப் போகவில்லை. இப்போது தம்பிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாளாம். மறுபடியும் கோப்பைகளுக்குப் போவாளா என்று நாம் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

எல்லாருக்கும் பார்ட்டியைப் போல் விலகி நிற்க முடியுமா என்றால், முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதே. அவருக்கு அன்பான பெற்றோர் இருந்தார்கள். போக ஒரு வீடு இருந்தது. பந்தயப் பணத்தைக்கொண்டே அடுத்த ஊருக்கு ரயில் சீட்டு வாங்கும் ஏழை ஆட்டக்காரனுக்கு ஓய்வு என்பது பட்டினி. பணமும் புகழும் படைத்தவர்களுக்கும் அது எளிதில் கிடைத்துவிடுவதில்லை. 2021-ல் பாரிஸ் பந்தயத்தின்போது, மன வேதனையால் நிருபர்களைச் சந்திக்க இயலாது என்று சொன்ன ஜப்பானிய வீராங்கனை நவோமி ஒஸாகாவுக்கு 15,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் இரண்டாவது ஆட்டத்துக்கு நிற்காமல் வெளியேறினார். கால் சுளுக்கென்றால் விலக்கு உண்டு; மனம் சுளுக்கென்றால் தண்டம் என்பது அந்நாளைய வழக்கமாயிருந்தது.

டென்னிஸ் உலகத்தின் சட்டங்களைத் திருத்துவது நம்மால் ஆகிற காரியம் அன்று. நம் வீட்டுச் சட்டங்களைத் திருத்துவது ஆகும். பத்தாவது வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரையில் ஞாயிற்றுக்கிழமை என்பதையே அறியாத குழந்தைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களில் முதல் மார்க்கு வாங்குகிறவர்களுக்குத்தான் நெருக்கடி அதிகம். கடைசிப் பெஞ்சுக்காரன் மாலையில் தெருவில் பந்தடிக்கிறான். முதல் பெஞ்சுக்காரி டியூஷனுக்குப் போகிறாள். அவள் வாய் திறந்து "களைப்பாயிருக்கிறது" என்று சொல்லும்போது, "ஒரு வருஷம் வீணாகிவிடுமே" என்ற பதில் நம் நாக்கில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலைச் சற்றே அடக்கிக்கொண்டு, அவள் சொல்வதை முழுவதும் கேட்கும் பொறுமை நமக்கு வர வேண்டும். கேட்ட பிறகு சில சமயம் நாம் மறுக்க வேண்டியும் வரலாம். ஆனால் கேட்காமல் மறுக்கக் கூடாது.

பார்ட்டி 2023-ல் ஒரு குழந்தைக்குத் தாயானார். முதல் ஸ்தானத்தில் வேறு பெண்கள் வந்து அமர்ந்தார்கள், டென்னிஸ் நின்றுபோய்விடவில்லை. வாலை விட்டால் புலி கடித்துவிடும் என்று ஊரெல்லாம் பயமுறுத்திக்கொண்டிருந்தது. அவர் விட்டார், புலி தன் வழியே காட்டுக்குப் போயிற்று, அவர் தம் வழியே வீட்டுக்குப் போனார்.